நின்றுபோன டோக்கன்

ஆவடி
6.8.1995

தம்பி தங்கவேலுவுக்கு,

மஸ்கட்டுக்குப் பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டதாகப் பக்கத்து வீட்டு டெலிபோனில் சொன்னீர்களாம். வெயில் ஆவடியைவிட மோசம் என்றீர்களாம். இங்கே இருப்பவர்களால் அதை நம்ப முடியவில்லை.

நீங்கள் எங்கள் பள்ளிக்கு எழுதிக் கொடுத்த புரோகிராம் எப்படி இருக்கிறது என்று அண்ணனிடம் கேட்டிருக்கிறீர்கள். என்னிடமே கேட்டிருக்கலாம். ஓடுகிறது. பழையதைப் போல ஒரு பெயரைத் தேட அரைமணி நேரம் முனகுவதில்லை. பெரிய பிளாப்பியை மாற்றி மாற்றிப் போட வேண்டியதில்லை. முகவரி, சம்பளம், பெயர்ப்பட்டியல், டி.சி. எல்லாம் ஒரே இடத்தில் இருக்கின்றன. இதையெல்லாம் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் துலுக்கானத்துக்குப் பிடிக்கவில்லை. எட்டு வருடம் அந்தப் பழைய கம்ப்யூட்டர் பெட்டியோடு ஆபீசில் உட்கார்ந்த கிளார்க். "டீச்சர், அது கெய்வன் மாரி. இருமும், மொனகும், ஆனா கேட்டா பதில் சொல்லும். இது புது மாப்ள கணக்கா மூஞ்சத் தூக்கி வச்சிகினு கீது" என்கிறார். சிரித்துவிட்டேன். பிறகு யோசித்தேன்.

ஒரு வருடம் இரண்டையும் சேர்த்தே ஓட்டலாம் என்று நான் பள்ளிக் கமிட்டியில் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். இரண்டு கணக்கு வைத்தால் இரண்டுமே பொய்யாகும் என்று நீங்கள் சொன்னீர்கள். செயலர் சண்முகசுந்தரம் மேசையைத் தட்டி ஆமோதித்தார். உதவித் தலைமை ஆசிரியையின் கொழுந்தனார் எழுதிய புரோகிராம் என்று ஆசிரியர் அறையில் ஏற்கெனவே பேச்சு. அதனால் நான் அதற்கு மேல் பேசவில்லை. பழைய பெட்டியைப் போன வாரம் ஒருவர் டிரைசைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார்.

உங்கள் அண்ணன் தொழிற்சாலையில் தன் செக்‌ஷனில் ஓர் அம்மாள் புதிதாகச் சேர்ந்திருப்பதாகச் சொன்னார். போன வருடம் ஷிப்டில் மாரடைப்பு வந்து இறந்த ஜம்புலிங்கத்தின் மனைவி அங்கம்மா. வாரிசு வேலை கிடைக்க இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது. குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டியதில்லை என்பதில் அந்த அம்மாளுக்கு நிம்மதி. பெண் எங்கள் பள்ளியில்தான் பத்தாவது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தாயம்மாள்


மஸ்கட்
1.9.1995

அன்புள்ள அண்ணிக்கு,

'ஓடுகிறது' என்று நீங்கள் எழுதியதை ரூமில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். "எங்கள் அண்ணி வாயிலிருந்து இந்த அளவுக்கு வருவது பெரிய விஷயம்" என்றேன். எங்களோடு இருக்கும் திருமழிசைக்காரர் சின்னப்பையன், "அண்ணாத்தே, இதுக்கே இவ்ளோ குஷின்னா, நல்லா கீதுன்னு எய்திருந்தா பிரியாணியே போட்டிருப்ப போல" என்றார்.

இங்கே எனக்கு ஒரு டயர் கம்பெனியில் ஸ்டாக் கணக்கு. பாஸ்போர்ட் முதலாளியின் பெட்டியில் இருக்கிறது. இரண்டு வருடம் முடிந்தால்தான் லீவு. புகார் சொல்லவில்லை, செய்தி சொல்கிறேன்.

துலுக்கானம் அண்ணனிடம் ஒன்று சொல்லுங்கள். தொழிற்சாலையிலிருந்து மாதாமாதம், வேலையை விட்டுப் போனவர்களின் நம்பர்களோடு, நின்றுபோன டோக்கன் பட்டியல் வருமே, அந்த நம்பர்களை அடித்தால் போதும். மீதியைப் புரோகிராமே பார்த்துக்கொள்ளும். பழையதில் ரிடையர் ஆகி ஊருக்குப் போனவர்களின் பிள்ளைகள்கூட இன்னும் ஏழாம் வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள், நினைவிருக்கிறதா? அப்பாவின் டோக்கன் நம்பரை வைத்துப் பிள்ளைகளை அடையாளம் காட்டும் பள்ளி தமிழ்நாட்டில் உங்களுடையது ஒன்றுதான் இருக்கும் அண்ணி. சம்பளத்திலேயே பள்ளிக் கட்டணத்தைப் பிடிப்பதால் வந்த பழக்கம் என்று நீங்கள் சொன்னது புரிந்தது. அதைக் கெடுக்காமல், அப்படியே அடித்தளமாக வைத்துக் கட்டியிருக்கிறேன். நம்புங்கள்.

உங்கள் தம்பி,
தங்கவேல்


ஆவடி
10.12.1995

தம்பி தங்கவேலுவுக்கு,

பத்து நாளாக மழை. குவார்ட்டர்ஸின் பின்பக்கம் தண்ணீர் ஏறிவிட்டது. பள்ளிக்கு விடுமுறை விட்டார்கள். அந்த நேரம் பார்த்துப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கான பெயர்ப்பட்டியலை அனுப்பக் கடைசி நாள் வந்தது.

முன்பெல்லாம் இது ஒரு வாரத்து வேலை. பழைய பெட்டி அச்சடித்ததை வகுப்பில் உரக்க வாசிப்போம். தன் பெயர் வந்ததும் பிள்ளை எழுந்து நிற்கும், பிறந்த தேதியைச் சொல்லும், பக்கத்தில் கையெழுத்துப் போடும். இந்த முறை வகுப்பில் யாரும் இல்லை. செயலர் ஜீப்பில் வந்து, "இன்னா டீச்சர், இவ்ளோ செலவு பண்ணி கம்ப்யூட்டர் வாங்கிட்டு இன்னும் ஏலம் போட்ற மாதிரி கூவிகினு இருப்பீங்களா?" என்றார். அச்சு சுத்தமாக வந்திருந்தது. மொத்த எண்ணிக்கையை வகுப்பு வருகைப் பதிவோடு ஒப்பிட்டேன். சரியாக இருந்தது. அனுப்பிவிட்டேன்.

நீங்கள் எதிர்பார்த்த வார்த்தை இதுதான் என்றால், எழுதுகிறேன்: நன்றாக இருக்கிறது.

தாயம்மாள்


ஆவடி
10.3.1996

தங்கவேலுவுக்கு,

வெள்ளிக்கிழமை ஹால் டிக்கெட்டுகள் வந்தன. ஜம்புலிங்கத்தின் மகள் புஷ்பாவுக்கு வரவில்லை.

தபாலில் தவறியிருக்கும் என்று நினைத்தேன். எங்களிடம் இருந்த நகலைப் பார்த்தேன். பட்டியலிலேயே அவள் பெயர் இல்லை. நவம்பரில் டி.சி. வாங்கிக்கொண்டு திருச்சிக்குப் போன ஒரு பையனின் பெயர் இருக்கிறது. அதனால்தான் எண்ணிக்கை சரியாக இருந்திருக்கிறது. ஒரு கணித ஆசிரியை எண்ணிக்கையை மட்டும் பார்த்திருக்கிறேன்.

கம்ப்யூட்டரில் தேடினோம். பத்தாம் வகுப்பில் இல்லை. பள்ளியில் எந்த வகுப்பிலும் இல்லை. இத்தனைக்கும் அந்தப் பெண் இந்த வருடம் முழுவதும் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். வகுப்பாசிரியை கையால் எழுதும் வருகைப் பதிவில் தினமும் இருக்கிறாள். அரையாண்டில் என் பாடத்தில் அவளைவிட அதிகம் வாங்கியவர்கள் இருவர்தான்.

நேற்று அங்கம்மா முதல் ஷிப்ட் முடிந்து, தொழிற்சாலைச் சேலையோடு நேராக ஆபீசுக்கு வந்தார். பெண் பின்னால் நின்றாள்.

"இன்னா டீச்சர் இது? எல்லாப் புள்ளைக்கும் வந்துகீது, எம் பொண்ணுக்கு மட்டும் இல்லன்னா? தெனம் இஸ்கூலுக்கு வந்துகினுதானே கீறா?"

வந்துகொண்டுதான் இருக்கிறாள் என்றேன்.

"அப்பால எப்டி இல்லன்ற?"

துலுக்கானம் கம்ப்யூட்டரைக் காட்டினார். "அதுல இல்லக்கா."

"அதுல இல்லன்னா? இதோ நிக்கிறாளே. அதுக்குக் கண்ணு இல்லியா? உனுக்கு கீதுல்ல?"

பெண் அம்மாவின் முந்தானையை இழுத்தாள். "வாம்மா, டீச்சர் பாத்துப்பாங்க" என்றாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நாளை மறுநாள் நகரத்துக்குப் போய்த் தேர்வு அலுவலகத்தில் கேட்கப் போகிறேன். எப்படி விடுபட்டது என்று கேட்டால் நான் என்ன சொல்வது? உங்கள் புரோகிராம் ஒரு பிள்ளையை ஏன் விழுங்கியது என்று சொல்லுங்கள். உள்ளே என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று பார்க்க இங்கே யாருக்கும் வழியில்லை. அம்பத்தூரிலிருந்து ஒருவரை அழைத்துவந்தோம். எழுதியவர்தான் திறக்க முடியும் என்று சொல்லிவிட்டு டீ குடித்துப் போனார்.

இரண்டு முறை உங்கள் கம்பெனிக்கு ஐ.எஸ்.டி. பூத்திலிருந்து பேசினேன். யாரோ இந்தியில் ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

இம்மாதக் கடைசியில் தேர்வு. பத்தாவது முடித்ததும் தொழிற்சாலையில் அப்ரண்டீசுக்கு எழுதிப் போடலாம் என்பது அவள் அப்பா சொல்லிவிட்டுப் போன ஒரே விஷயமாம்.

தாயம்மாள்


மஸ்கட்
20.3.1996

அண்ணிக்கு,

கடிதம் இன்று மத்தியானம் வந்தது. நாளை சின்னப்பையன் ஊருக்குப் பறக்கிறார். மீனம்பாக்கத்தில் இறங்கியதும் திருமழிசைக்குப் போகாமல் முதலில் உங்கள் வீட்டுக்கு வந்து இதைக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். தபாலைவிட வேகம் இதுதான். போனில் ஆபீஸ் பையன் என்னைக் கூப்பிடவே இல்லை. சண்டை போட்டேன். போட்டு என்ன?

புரோகிராம் அவளை விழுங்கவில்லை. வேறு இடத்தில் வைத்திருக்கிறது. 'முன்னாள் மாணவர்' என்ற பகுதியில் பாருங்கள். ஜம்புலிங்கத்தின் டோக்கன் நம்பரைப் போட்டால் வருவாள். அவர் மனைவிக்கு வேலை கொடுத்த பிறகுதான் அவருடைய டோக்கனைத் தொழிற்சாலையில் மூடியிருப்பார்கள். நின்றுபோன பட்டியலில் அந்த நம்பர் வந்திருக்கும். துலுக்கானம் அண்ணன் அடித்திருப்பார். அடித்த நிமிடமே அந்த டோக்கனின் கீழிருந்த பிள்ளை பழைய மாணவியாகியிருப்பாள். அம்மாவின் புது நம்பருக்கும் இவளுக்கும் தொடர்பு இருப்பது அதற்குத் தெரியாது. திருச்சிக்குப் போன பையனுக்கு டி.சி. கொடுத்தும், அவன் அப்பாவின் டோக்கன் இன்னும் நிற்காததால் பெயர் பட்டியலிலேயே இருந்திருக்கும்.

என்னைக் கோபித்துக்கொள்ளுங்கள் அண்ணி. ஆனால் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. போன வருடம் உங்கள் வீட்டுச் சமையலறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டேனே. 'அப்பா சர்வீசில் இல்லை என்றால் பிள்ளையை என்ன செய்வது?' என்றும் கேட்டேன். நீங்கள் முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தீர்கள். நிமிரவில்லை. 'அப்பா போனால் குவார்ட்டர்ஸ் போகும், குவார்ட்டர்ஸ் போனால் பிள்ளையும் போகும். முன்னாளில் தள்ளிவிடுங்கள்' என்றீர்கள். நான் அப்படியே எழுதினேன்.

இறந்துபோனால் என்று நான் தனியாகக் கேட்டிருக்க வேண்டும். எனக்குத் தோன்றவில்லை. விசா வந்திருந்தது. அவசரமாக முடித்தேன். கேள்விக்குப் பதில் கிடைத்தால் போதும் என்றிருந்தது.

இதை எழுதியதும் கிழித்துவிடலாமா என்று நினைத்தேன். அலுவலகத்தில் காரணம் கேட்டால் சொல்ல உங்களுக்கு இது வேண்டியிருக்குமே என்று கிழிக்கவில்லை. புரோகிராம் எழுதியவன் மேல் போடுங்கள். நான் தூரத்தில்தானே இருக்கிறேன்.

தங்கவேல்


ஆவடி
31.3.1996

தம்பி தங்கவேலுவுக்கு,

சின்னப்பையன் சூட்கேசோடு வந்து நின்றார். "அண்ணி, உங்க தம்பி ரெண்டு நாளா சோறு துன்னல" என்றார். அப்படியெல்லாம் இருக்க வேண்டாம். சாப்பிடுங்கள்.

நீங்கள் எழுதியது சரி. முருங்கைக்காய் வரை சரி. இருபது வருடமாக இந்தக் குவார்ட்டர்ஸில் இருப்பவள் நான். யார் இறந்தார்கள், யார் மனைவிக்கு வேலை கிடைத்தது என்று வீட்டில் பேசாத வாரமில்லை. அங்கம்மாவைப் பற்றி உங்களுக்கே எழுதினேன். அதே கடிதத்தில் உங்கள் புரோகிராமைப் பற்றியும் எழுதினேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. எல்லாவற்றையும் சந்தேகப்படுகிறவள் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. என் வாயிலிருந்து வந்ததை மட்டும் சந்தேகப்படவில்லை.

தேர்வு அலுவலகத்துக்கு மூன்று முறை போனேன். முதல் நாள் அதிகாரி இல்லை. இரண்டாம் நாள் இருந்தார். நல்ல மனிதர், உட்காரச் சொன்னார். வருகைப் பதிவைக் காட்டினேன், மதிப்பெண்களைக் காட்டினேன். "அம்மா, நீங்க சொல்றதுல ஒரு வார்த்தைகூட நான் சந்தேகப்படல. ஆனா நம்பர் கொடுத்து முடிச்சாச்சு, கேள்வித்தாள் கட்டி முடிச்சாச்சு. உங்க ஸ்கூல் அனுப்பின லிஸ்ட்ல உங்க கையெழுத்துதானே இருக்கு?" என்றார். என் கையெழுத்துதான். மூன்றாம் முறை அங்கம்மாவையும் பெண்ணையும் அழைத்துப் போனேன். மூவரும் சாயங்காலம் வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அக்டோபரில் தனித்தேர்வராக எழுதலாம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்கள்.

திரும்பும்போது ரயிலில் அங்கம்மா எனக்கு எதிரே உட்கார்ந்தார். அம்பத்தூர் தாண்டியதும், "டீச்சர், உயிரோட கீறவள செத்தவன் கூட சேத்து கணக்கு எய்திட்டீங்களே" என்றார். கத்தவில்லை. ஏதோ விலை கேட்பது போலச் சொன்னார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புரோகிராம் எழுதியவர் மேல் போடச் சொன்னீர்கள். நான் போடவில்லை. நான் சொன்ன விதிதான் என்று கமிட்டியில் சொன்னேன். யாருக்கும் அது தேவைப்படவில்லை. செயலர், "கம்ப்யூட்டர் மிஸ்டேக்னு எழுதிடுங்க டீச்சர், யாருக்கும் பிரச்சனை இல்ல" என்றார். அப்படித்தான் கூட்டக் குறிப்பில் எழுதப்பட்டது.

முதல் தேர்வு நாளன்று அவள் யூனிபார்ம் போட்டுக்கொண்டு வந்தாள். கையில் ஸ்கேல், பேனா. கடைசி நேரத்தில் ஏதாவது வந்துவிடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மணி அடித்து எல்லோரும் உள்ளே போனபின் கேட்டைச் சாத்தினார்கள். என் அறைக்குக் கூப்பிட்டேன். அன்றைய கேள்வித்தாள் வெளியே வந்ததும் ஒன்று வாங்கிவந்து அவளிடம் கொடுத்து, உட்கார்ந்து எழுது, நான் திருத்துகிறேன் என்றேன். எதற்குச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. அவள் மரியாதைக்கு இரண்டு பக்கம் எழுதினாள். பிறகு, "போதும் டீச்சர்" என்று பேனாவை மூடினாள்.

தாயம்மாள்


மஸ்கட்
22.4.1996

அன்புள்ள அண்ணிக்கு,

இத்துடன் ஒரு பிளாப்பி அனுப்புகிறேன். வேலை முடிந்து எல்லோரும் போனபின் கம்பெனிக் கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்து திருத்தினேன். இனி டோக்கன் நின்றாலும் பிள்ளை நகராது. அம்மா, அப்பா இருவர் நம்பரையும் ஏற்கும். யாரையாவது பட்டியலிலிருந்து எடுப்பதென்றால் பெயரைக் காட்டி, காரணம் கேட்டு, ஆள் பதில் சொன்னால்தான் எடுக்கும். இதைப் போட்டதுமே புஷ்பா பத்தாம் வகுப்புக்குத் திரும்பிவிடுவாள். பொதுத்தேர்வு முடிவு வராதவர்கள் அதே வகுப்பில் நிற்பார்கள்.

திருத்த எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. அதுதான் வேதனை. மூன்று வரி. இதை எப்போது வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம்.

அக்டோபர் தேர்வுக்கு அவளைத் தயார் செய்யுங்கள் அண்ணி. இன்னும் மாதங்கள் இருக்கின்றனவே. அண்ணன் அங்கம்மாவிடம் பேசினால் கேட்பார்கள். நான் இங்கிருந்து வேறென்ன செய்ய முடியும் என்று எழுதுங்கள். எதுவானாலும் செய்கிறேன்.

உங்கள் தம்பி,
தங்கவேல்


ஆவடி
30.6.1996

தம்பி தங்கவேலுவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. எழுதும்படி ஏதாவது நடக்கும் என்று காத்திருந்தேன்.

அக்டோபர் தேர்வுக்கான விண்ணப்பத்தை நானே வாங்கி, கையெழுத்துப் போடும் இடத்தைப் பென்சிலால் குறித்து எடுத்துக்கொண்டு அங்கம்மாவின் வீட்டுக்குப் போனேன். உங்கள் அண்ணனும் வந்தார். காபி கொடுத்தார்கள். புஷ்பா வீட்டில் இல்லை. மண்ணூர்பேட்டைப் பக்கம் துணி தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனியில் சேர்ந்து மூன்று வாரமாகிறதாம். காலர் பிரிவு. கம்பெனி வேன் குவார்ட்டர்ஸ் முனைவரை வருகிறதாம்.

"சும்மா ஊட்ல குந்திகினு எத்தினி நாளு அழுவா டீச்சர்? கூடப் படிச்ச புள்ளைங்க பாஸாயி இனிப்பு எடுத்துகினு வந்துச்சுங்க. அன்னிக்கே முடிவு பண்ணிட்டா."

வேலைக்குப் போய்க்கொண்டே எழுதலாம், ஞாயிற்றுக்கிழமை நான் வந்து சொல்லித் தருகிறேன் என்றேன்.

"அப்பால பாக்கலாம்" என்றார் அங்கம்மா. விண்ணப்பத்தை மரியாதையாக வாங்கிச் சாமி படத்தின் பின்னால் செருகினார். கடைசி நாள் போய்விட்டது. அது இன்னும் அங்கேதான் இருக்கும்.

உங்கள் பிளாப்பியைப் போட்டோம். நீங்கள் எழுதியபடியே எல்லாம் நடக்கிறது. பத்தாம் வகுப்பைத் திறந்தால் புதுப் பிள்ளைகளுக்கு நடுவில் புஷ்பாவின் பெயர் இருக்கிறது. இப்போது வருகையையும் கம்ப்யூட்டரிலேயே பதிவதால் தினமும் அவளைக் கேட்கிறது. துலுக்கானம் தினமும் 'வரவில்லை' என்று அடிக்கிறார்.

"டீச்சர், இந்தப் பொண்ண எட்த்துடலாமா? தெனம் காலைல கேக்குது" என்றார். எடுக்கச் சொன்னேன். பெயரைக் காட்டிக் காரணம் கேட்டது. இடமாற்றம், படிப்பு முடிந்தது, ஒழுங்கு நடவடிக்கை, மரணம், பெற்றோர் விருப்பம். டி.சி.க்கென்று போன வருடம் நாம் இருவரும் சேர்ந்து போட்ட ஐந்து. ஐந்தில் ஒன்றைச் சொல்லாமல் அது விடுவதில்லை. நன்றாகத்தான் செய்திருக்கிறீர்கள்.

கடைசியைத் தவிர மற்ற நான்கும் பொய். பெற்றோர் விருப்பம் என்று போட்டால் டி.சி.யிலும் அப்படியே அச்சாகும். அதனால் அங்கம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று ஷிப்ட் விடும் நேரம் தொழிற்சாலை கேட்டுக்கு வெளியே நின்றேன். கூட்டத்தில் என்னைக் கண்டுபிடித்து அவராகவே வந்தார். சொன்னேன்.

"நானு எங்க டீச்சர் விரும்புனேன்?" என்று கேட்டுவிட்டு நடந்தார்.

வேறு என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தீர்கள். ஆறாவதாக ஒரு காரணம் சேர்த்துத் தாருங்கள் என்று எழுதத்தான் இன்று உட்கார்ந்தேன். அதில் என்ன வார்த்தை போடுவது என்று நீங்கள் திருப்பிக் கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். காலையிலிருந்து யோசிக்கிறேன், எனக்குத் தெரியவில்லை. நீங்கள் எதையும் மாற்ற வேண்டாம்.

நாளை திங்கட்கிழமை. துலுக்கானத்திடம் வழக்கம்போல் வரவில்லை என்றே அடிக்கச் சொல்லியிருக்கிறேன்.

தாயம்மாள்